லோ கார்ப் அடுக்கு சாக்லேட் டெசர்ட்: உதிராமல், கசியாமல், நறநறக்காமல்

கேட்டவரின் சிக்கல் இதுதான். அப்பாவுக்குச் சர்க்கரை. இவரும் மாவுச்சத்தை, அதாவது கார்போஹைட்ரேட்டை, குறைத்துச் சாப்பிடுகிறார். பிறந்தநாளுக்காக நாலடுக்கு சாக்லேட் டெசர்ட் செய்திருக்கிறார்; மைதாவுக்குப் பதில் பாதாம் பவுடர், சர்க்கரைக்குப் பதில் எரித்ரிட்டால் என்ற மாற்று இனிப்பு, மற்றதெல்லாம் வழக்கமான செய்முறைப்படியே. வெட்டும்போது அடித்தட்டு உதிர்ந்துவிட்டது. நடுவில் சாக்லேட் கெட்டியாகவில்லை. மேலே போட்ட கிரீம் தண்ணீர் விட்டது. மிச்சத்தை மறுநாள் எடுத்துச் சாப்பிட்டால் பல்லில் நறநறவென்று இருக்கிறது. எங்கே தப்பு என்று கேட்கிறார்.

நாலு தப்பு மாதிரி தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். சர்க்கரையை நாம் இனிப்பு என்று மட்டும் நினைத்துவிடுகிறோம். ஒரு டெசர்ட்டில் அது ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, கிரீமுக்குக் கனம் கொடுக்கிறது, ஃப்ரிட்ஜில் வைத்தாலும் கரைந்தபடியே இருக்கிறது. மாவு நீரை உறிஞ்சிக் கெட்டியாக்குகிறது. இவை இரண்டையும் வெளியே எடுத்துவிட்டு, ருசிக்கு மட்டும் மாற்று வைத்தால் மற்ற வேலைகளைப் பார்க்க ஆளில்லை. அதனால் ஒவ்வொரு அடுக்கிலும் மாவும் சர்க்கரையும் என்ன செய்துகொண்டிருந்தன என்று பார்த்து, அந்த வேலைக்கு ஆள் வைக்க வேண்டும்.

இந்தப் பண்டம் அமெரிக்காவின் தென்பகுதியில் கூட்டு விருந்துகளுக்குத் தட்டோடு எடுத்துப்போகிற வகை. சாக்லேட் டிலைட், சாக்லேட் லசான்யா என்று ஊருக்கொரு பெயர் உண்டு. கீழே மைதா, வெண்ணெய், பீக்கன் கொட்டை சேர்த்துச் சுட்ட தட்டு. அதன்மேல் பொடித்த சர்க்கரை சேர்த்த கிரீம் சீஸ். பிறகு பாக்கெட் இன்ஸ்டன்ட் புட்டிங். உச்சியில் விப்ட் டாப்பிங். இன்ஸ்டன்ட் புட்டிங் பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரையும் பக்குவப்படுத்திய ஸ்டார்ச்சும்தான். குளிர்ந்த பாலை ஊற்றிக் கலக்கிய சில நிமிடங்களில் அது கெட்டியாவது அந்த ஸ்டார்ச்சால். உங்கள் சாக்லேட் அடுக்கு கெட்டியாகாததற்குக் காரணமும் அதுவே: சர்க்கரைக்காகப் பாக்கெட்டை விட்டதும் ஸ்டார்ச்சும் போய்விட்டது, பதிலுக்கு எதுவும் வரவில்லை.

செய்முறைக்குப் போகுமுன் கடையில் எதை வாங்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன், பாதித் தோல்வி அங்கேதான். பேக்கிங் சாமான் கடையில் கட்டியாக விற்கும் டார்க் காம்பவுண்ட் என்பது சர்க்கரையும் தாவர எண்ணெய்க் கொழுப்பும் கோக்கோவும் கலந்தது. கறுப்பாக இருப்பதால் மட்டும் அது டார்க் சாக்லேட் ஆகிவிடாது. ‘சுகர் ஃப்ரீ’ என்று போட்ட சாக்லேட் பல, மால்டிட்டால் என்ற மாற்று இனிப்பு சேர்த்துச் செய்தவை. மால்டிட்டால் சர்க்கரை அளவுக்கு ஏற்றாவிட்டாலும் ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றத்தான் செய்யும்; கொஞ்சம் கூடினால் வயிற்றையும் கலக்கிவிடும். அதைவிட 85 சதவீத டார்க் சாக்லேட்டை அளவாகப் போடுவது நல்லது. அதில் 100 கிராமுக்கு 15 கிராம் அளவில் சர்க்கரை இருக்கும். நமக்குத் தேவைப்படுவது 60 கிராம், அதுவும் 12 துண்டுக்கு.

அப்புறம் நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன், பேரீச்சம்பழம். இவற்றைப் போட்டு ‘சர்க்கரை இல்லாத இனிப்பு’ என்று சொல்லும் செய்முறைகள் ஏராளம். 100 கிராம் பேரீச்சையில் ஏறக்குறைய 75 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரையைவிட நல்லதா என்பது வேறு பேச்சு. லோ கார்ப் என்றால் இவை எதுவும் ஆகாது.

லேபிள் படிக்கும்போது இன்னொன்றும் கவனியுங்கள். லோ கார்ப் கணக்கில் நார்ச்சத்தைக் கழித்துவிடுவோம். அமெரிக்க லேபிளில் மாவுச்சத்து என்று போடும் எண்ணுக்குள் நார்ச்சத்தும் அடக்கம். ஐரோப்பிய லேபிளில் நார்ச்சத்து தனி. ஐரோப்பாவிலிருந்து வரும் சாக்லேட்டில் நார்ச்சத்தை மறுபடி கழித்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

இப்போது இனிப்பூட்டி. நறநறப்புக்கு விடை இங்கேதான் இருக்கிறது. எரித்ரிட்டால் சர்க்கரையில் 60 முதல் 70 சதவீதம்தான் இனிக்கும். சர்க்கரை அளவுக்கு இனிப்பு வேண்டுமென்று அள்ளிப் போடுகிறோம். ஆனால் அது நீரில் சர்க்கரை மாதிரி தாராளமாகக் கரையாது. சூட்டில் கரைந்தது போலத் தெரியும். ஃப்ரிட்ஜில் குளிரக் குளிரக் கரைசல் தாங்காமல் திரும்பப் படிகமாகிவிடும். அதுதான் மறுநாள் உங்கள் பல்லில் பட்டது. வாயில் கரையும்போது சூட்டை உறிஞ்சுவதால் ஒரு ஜில்லிப்பும் தரும். சாக்லேட்டுக்கு அது ஒட்டாது. ஆகவே ஈரமான அடுக்குகளில் எரித்ரிட்டாலைப் பாதியாகக் குறைத்து, மீதி இனிப்பை ஸ்டீவியா சொட்டிலோ சுக்ரலோஸ் சொட்டிலோ கொண்டுவாருங்கள். ஸ்டீவியா மட்டும் போட்டால் கசப்பு பின்னால் நிற்கும், எரித்ரிட்டால் மட்டும் போட்டால் நறநறக்கும். சேர்த்துப் போட்டால் ஒன்றின் குறையை மற்றது மறைக்கும். எரித்ரிட்டாலை மிக்ஸியின் சின்ன ஜாரில் மாவாகப் பொடித்து, சலித்து வையுங்கள். மூடியை உடனே திறக்காதீர்கள், புகை மாதிரி கிளம்பி மூக்கில் ஏறும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அல்லுலோஸ் என்ற மாற்று இனிப்பு கிடைத்தால் சாக்லேட் அடுக்குக்கு அதுவே நல்லது. குளிரிலும் படிகமாகாது, சர்க்கரை மாதிரியே வழவழப்பு தரும்.

வேடிக்கை என்னவென்றால், நடுவில் கெடுதல் செய்த அதே படிகமாகும் குணம் அடித்தட்டில் நமக்கு உதவி. சூட்டில் இளகி, ஆறும்போது திரும்ப இறுகுவதால் தட்டு மொறுமொறுப்பாகும். அங்கே எரித்ரிட்டாலைத் தாராளமாகப் போடலாம்.

சரி, அடித்தட்டு. 20 சென்டிமீட்டர் சதுரக் கண்ணாடிப் பாத்திரம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பாதாம் பவுடர் 200 கிராம், கோக்கோ பவுடர் 20 கிராம், பொடித்த எரித்ரிட்டால் 30 கிராம், இரண்டு சிட்டிகை உப்பு, உருக்கிய வெண்ணெய் 75 கிராம், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு. மைதாவில் குளூட்டன் என்ற ஒட்டும் புரதம் இருப்பதால் அது தானாகப் பிடித்துக்கொள்ளும். பாதாமுக்கு அந்தக் குணம் கிடையாது. வெறும் வெண்ணெயை நம்பினால் ஃப்ரிட்ஜை விட்டு வெளியே எடுத்த பத்தாவது நிமிடம் உதிரும். வெள்ளைக்கரு வெந்து இறுகிப் பிடித்துக்கொள்ளும். சாக்லேட் அடுக்குக்கு மஞ்சள்கரு எடுக்கும்போது வெள்ளை எப்படியும் மிஞ்சும், ஆகவே தனிச்செலவு இல்லை.

பாதாமை வீட்டில் அரைப்பதானால் ஊறவைத்துத் தோலுரித்தவை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும். தோலோடு அரைத்தாலும் பரவாயில்லை, கோக்கோ நிறத்தில் தெரியாது. பாதாம் விலை கட்டுப்படியாகவில்லை என்று முந்திரிக்குப் போகாதீர்கள்: 100 கிராம் பாதாமில் நார்ச்சத்து போக 10 கிராம் அளவுக்குத்தான் மாவுச்சத்து, முந்திரியில் 25 கிராமுக்கு மேல். விலை குறைய வேண்டுமென்றால் கால் பங்கு பாதாமுக்குப் பதில் உலர்ந்த தேங்காய்த்துருவலை நன்றாகப் பொடித்துச் சேர்க்கலாம், ருசியும் கூடும்.

எல்லாவற்றையும் பிசிறிக் கையில் பிடித்துப் பாருங்கள், கொழுக்கட்டைப் பிடியாக நிற்க வேண்டும். பாத்திரத்தில் கொட்டி, தட்டையான அடியுள்ள டம்ளரால் ஓரம் வரை அழுத்துங்கள். மூலைகளில் அழுத்தம் போதாமல்தான் பெரும்பாலும் உதிர்கிறது. 170 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம். வெளியே எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று மறுபடி உள்ளே தள்ளாதீர்கள், ஆறினால் இறுகும். ஓவன் இல்லாத வீட்டில், அடிகனமான வாணலியில் சிறுதீயில் பாதாம் பவுடரை வாசம் வரும்வரை வறுத்து, ஆறியதும் கோக்கோவும் இனிப்பும் வெண்ணெயும் கலந்து அழுத்தி ஃப்ரிட்ஜில் வைக்கலாம். இதில் வெள்ளைக்கரு போடக் கூடாது, பச்சையாக நின்றுவிடும். அதற்குப் பதிலாக 85 சதவீத சாக்லேட் 30 கிராம் உருக்கிச் சேர்த்தால் அது இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது அடுக்கு சுலபம். கிரீம் சீஸ் 200 கிராம், அறை வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டி கட்டியாக நிற்கும். பொடித்த எரித்ரிட்டால் 25 கிராம், கொஞ்சம் வெனிலா, இனிப்புச் சொட்டு ருசிக்கு. பீட்டரால் வழவழப்பாக அடித்து, தனியாக அடித்து வைத்த விப்பிங் கிரீம் 100 மில்லியை மெதுவாகக் கலக்கவும். கிரீம் சீஸ் கிடைக்கவில்லை என்றால் கெட்டித் தயிரை வெள்ளைத்துணியில் கட்டி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜிலேயே தொங்கவிடுங்கள். வடியும் நீரோடு பாலின் சர்க்கரையில் ஒரு பகுதியும் போய்விடும், நமக்கு லாபம். புளித்த தயிர் மட்டும் வேண்டாம்.

கிரீம் பற்றி ஒரு வார்த்தை. அமுல் ஃப்ரெஷ் கிரீம் போன்றவற்றில் கொழுப்பு 25 சதவீதம். எவ்வளவு அடித்தாலும் அது நிற்காது. காற்றுக் குமிழியைச் சுற்றிக் கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுவர் கட்டினால்தான் கிரீம் நிற்கும், அதற்குக் கொழுப்பு 30 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். 35 இருந்தால் கவலையே இல்லை. பேக்கரிகளில் கேக்குக்குப் போடும் நான்-டெய்ரி (பால் சாராத) விப்பிங் கிரீம் எந்த வெயிலிலும் நிற்கும். ஆனால் பெரும்பாலானவற்றில் சர்க்கரை முன்கூட்டியே சேர்ந்திருக்கும், கொழுப்பும் பால் கொழுப்பு அல்ல. டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள். ஃப்ரெஷ் கிரீமைத் தூக்கிப் போட வேண்டாம், அடுத்த அடுக்குக்கு அதுதான் சரி.

சாக்லேட் அடுக்குக்கு நிதானம் வேண்டும். ஃப்ரெஷ் கிரீம் 300 மில்லி, ஃபில்டர் காபி டிகாஷன் 3 மேசைக்கரண்டி, தண்ணீர் 50 மில்லி, கோக்கோ பவுடர் 40 கிராம், 85 சதவீத சாக்லேட் 60 கிராம், எரித்ரிட்டால் 25 கிராம், மஞ்சள்கரு 3, ஜெலட்டின் ஒரு தேக்கரண்டி, அதாவது 3 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. டிகாஷன் காபி ருசிக்காக இல்லை. சாக்லேட்டின் கசப்பை ஆழமாக்கிக் காட்டும், சாப்பிடுகிறவருக்குக் காபி என்றே தெரியாது. கோக்கோவில் இரண்டு வகை உண்டு. சாதாரணக் கோக்கோ கொஞ்சம் புளிப்பு, வெளிர்நிறம். புளிப்பை முறிக்கும் ஆல்கலி சேர்த்துப் பதப்படுத்திய டச்சு வகை கருத்து, மிருதுவாக இருக்கும். சர்க்கரை இல்லாத இடத்தில் புளிப்பு துருத்திக்கொண்டு தெரியும் என்பதால் டச்சு வகையே என் தேர்வு.

முதலில் ஜெலட்டினை 2 மேசைக்கரண்டி குளிர்ந்த நீரில் தூவி ஊறவிடுங்கள். கோக்கோவைத் தண்ணீரும் டிகாஷனும் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் குழையுங்கள். கொதிநீர் பட்டதும் அந்தப் பழுப்புத் தூள் கருத்து, பளபளவென்று மின்னி, வாசம் சமையலறையைத் தாண்டிப் போகும். அதில் கிரீமும் எரித்ரிட்டாலும் உப்பும் சேர்த்துச் சூடாக்குங்கள். ஓரத்தில் ஆவி கிளம்பியதும் அடுப்பைக் குறைத்து, மஞ்சள்கருவை அடித்துக்கொண்டே இந்தச் சூடான கலவையில் இரண்டு கரண்டி அதில் ஊற்றுங்கள். அப்போதுதான் கரு பயப்படாமல் பழகும். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக்கி, மரக்கரண்டியால் அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் 80 முதல் 82 டிகிரி. இல்லையென்றால் கரண்டியின் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், கோடு மூடாமல் நின்றால் பதம். இதைத் தாண்டினால் கரு திரிந்து முட்டைப் பொரியல் ஆகிவிடும்.

இறக்கியதும் ஊறிய ஜெலட்டினைப் போட்டுக் கரையுங்கள். கொதிக்கும்போது போடாதீர்கள், பிடிக்கும் சக்தி குறையும். நறுக்கிய சாக்லேட்டையும் போட்டு ஒரு நிமிடம் விட்டுக் கலக்கி, சல்லடையில் வடிகட்டி, இனிப்புச் சொட்டு சேர்த்து ருசி பாருங்கள். குளிர்ந்தால் இனிப்பு மட்டாகத் தெரியும், எனவே சூட்டில் ஒரு நூல் கூடுதலாக இனிக்கட்டும்.

ஸ்டார்ச் செய்த வேலையை இங்கே மூன்று பேர் பகிர்ந்துகொள்கிறார்கள்: மஞ்சள்கரு வழவழப்பைத் தருகிறது, ஜெலட்டின் வெட்டினால் நிற்கும் உறுதியைத் தருகிறது, குளிர்ந்து இறுகும் கோக்கோ வெண்ணெய் கனத்தைத் தருகிறது. பல செய்முறைகள் சாந்தன் கம் என்ற கெட்டியாக்கும் தூளை மட்டும் போடச் சொல்லும். கால் தேக்கரண்டி தாண்டினால் அது வெண்டைக்காய் மாதிரி வழுவழுக்கும். எனக்கு அந்த வழி பிடிப்பதில்லை.

முட்டையும் ஜெலட்டினும் ஆகாத வீட்டில் கடற்பாசி (அகர் அகர்) இருக்கவே இருக்கிறது. ரம்ஜானுக்குக் கடற்பாசி காய்ச்சும் வீடுகளில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 350 மில்லி கலவைக்குக் கடற்பாசித் தூள் அரைத் தேக்கரண்டி போதும். தனியாக 75 மில்லி தண்ணீரில் 2 நிமிடம் கொதித்து முழுக்கக் கரைய வேண்டும். அதைச் சூடான சாக்லேட் கலவையில்தான் ஊற்ற வேண்டும், ஆறியதில் ஊற்றினால் நூல் நூலாகத் திரியும். ஜெலட்டின் ஃப்ரிட்ஜ் குளிரில்தான் இறுகும். கடற்பாசி அறை வெப்பத்திலேயே இறுக ஆரம்பித்துவிடும், அதனால் கை வேகமாக ஓட வேண்டும். வெட்டும்போது கொஞ்சம் விண்டு வரும், வழவழப்பு குறைவு. மஞ்சள்கரு இல்லாத குறைக்கு 50 கிராம் கிரீம் சீஸை இதில் அடித்துச் சேர்த்தால் ஈடுகட்டலாம்.

அடுக்குவதில் பொறுமை ஒன்றுதான் வித்தை. தட்டு முழுக்க ஆறிய பிறகு சீஸ் அடுக்கு. அதைப் பரப்பி ஃப்ரீசரில் 20 நிமிடம். சாக்லேட் கலவையைத் தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிடுங்கள், ஆனால் இறுக ஆரம்பித்திருக்கக் கூடாது. நேராக ஊற்றினால் சீஸில் குழி விழும். கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் ஊற்றினால் மெல்லப் பரவும். குறைந்தது 4 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ராத்திரி செய்து காலையில் தொடுவது உத்தமம்.

மேல் கிரீம் தண்ணீர் விட்டதற்கு வருகிறேன். கடையில் வாங்கும் ஐசிங் சுகரில் சோளமாவு கொஞ்சம் கலந்திருக்கும். அதுவும் சர்க்கரையும் சேர்ந்து கிரீமில் உள்ள நீரைப் பிடித்து வைத்திருந்தன. அவை போனதும் நீர் இறங்கிவிட்டது. விப்பிங் கிரீம் 200 மில்லிக்குக் கிரீம் சீஸ் 2 மேசைக்கரண்டி சேர்த்து அடியுங்கள், கசியாது. பொடித்த எரித்ரிட்டால் 15 கிராமுக்கு மேல் வேண்டாம். பாத்திரத்தையும் பீட்டரின் கம்பியையும் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். மே மாதத்துச் சமையலறை என்றால் பாத்திரத்துக்கு அடியில் ஐஸ் தண்ணீர் அவசியம். பீட்டரைத் தூக்கினால் நுனி லேசாக வளைந்து நிற்க வேண்டும். அதற்குமேல் ஆசைப்பட்டால் வெண்ணெய்தான் கிடைக்கும். மேலே சாக்லேட்டைக் காய்கறி சீவும் பீலரால் சீவிவிடுங்கள், பரிமாறும் அன்றைக்கு மட்டும்.

வெட்டும்போது கத்தியைச் சுடுநீரில் நனைத்துத் துடைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி நனைத்துத் துடைத்தால் அடுக்குகள் கோடு போட்டாற்போல் தெரியும். முதல் துண்டு எப்படியும் சிதைந்துதான் வரும், அது செய்தவருக்கு. ஃப்ரிட்ஜில் 3 நாள் தாங்கும்.

கணக்குக்கு வருவோம். ரத்தச் சர்க்கரையை ஏற்றாத எரித்ரிட்டாலையும் நார்ச்சத்தையும் கழித்தால் முழுத் தட்டிலும் 80 கிராம் அளவுக்கு மாவுச்சத்து வரும். நீங்கள் வாங்கும் கிரீமையும் சீஸையும் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். 12 துண்டாக வெட்டினால் துண்டுக்கு 7 கிராம், ஒரு சின்ன இட்லியில் இருப்பதற்குப் பக்கத்தில். ஆனால் அதே துண்டில் 400 கலோரி அளவுக்கு இருக்கிறது, அத்தனையும் பாதாமும் வெண்ணெயும் கிரீமும் தருவது. சர்க்கரை இல்லையே என்று இரண்டு துண்டு சாப்பிட்டால் அது ஒரு வேளைச் சாப்பாடு.

இனிப்பூட்டிகள் பற்றிக் கேள்விகள் இருக்கின்றன, மறைக்க வேண்டியதில்லை. ரத்தத்தில் எரித்ரிட்டால் அளவு கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை கூடுதலாக வந்ததாக 2023இல் ஒரு ஆய்வு வெளியானது. தொடர்பைக் காட்டியதே தவிர, அதுதான் காரணம் என்று அது நிறுவவில்லை. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம், எடை குறைக்க ஸ்டீவியா, சுக்ரலோஸ் போன்றவற்றை நம்ப வேண்டாம் என்றது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. பிறந்தநாளுக்கு ஒரு துண்டு என்பதற்கு நான் தயங்க மாட்டேன். தினமும் ராத்திரி ஒரு கிண்ணம் என்றால் தயங்குவேன். இதய நோயும் சேர்ந்திருந்தால் எரித்ரிட்டால் பற்றி அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், இதைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். மருந்து வேலை செய்யும், மாவுச்சத்து வராது, சர்க்கரை தாழ்ந்துவிடலாம். சாப்பாட்டுக்குப் பின் சின்னத் துண்டாகக் கொடுங்கள். குளுக்கோமீட்டர் வீட்டில் இருந்தால் வழக்கம்போல 2 மணி நேரத்தில் பார்ப்பதோடு நிறுத்தாமல், 4 மணி நேரத்தில் இன்னொரு முறையும் பாருங்கள். இவ்வளவு கொழுப்புள்ள பண்டம் வயிற்றை விட்டு மெதுவாகத்தான் நகரும், ஏற்றம் இருந்தால் அது தாமதமாகத்தான் தெரியும்.